நீல விளக்கைச் சுற்றி ஒரு வளையம்

அக்டோபர் 3, வெள்ளி

ஆயுத பூஜைக்கு வண்டியில் பூசிய சந்தனம் முன்கண்ணாடியில் இன்னும் திட்டுத்திட்டாக இருந்தது. நேற்று மாலை ஈரோட்டிலிருந்து கோபிக்குத் திரும்பும்போது எதிரே வந்த விளக்குகளைச் சுற்றியெல்லாம் வானவில் போல ஒரு வளையம் தெரிந்தது. சந்தனத்தின் வேலை என்று நினைத்து, இன்று காலை ஷாம்பூ போட்டுக் கழுவி, செய்தித்தாளால் துடைத்தேன். கண்ணாடி சுத்தமாகிவிட்டது. காரணம் அதுதானா என்பது நாளை இருட்டும்போது தெரியும்.

சந்தனம் இல்லையென்றால் நவநீதன் மாட்டிய விளக்குகளாக இருக்க வேண்டும். தோஹாவில் வேலை பார்க்கும் மகன், ஆடியில் விடுமுறைக்கு வந்தபோது எங்கள் பழைய காரைக் கொடுத்துவிட்டு இந்த எஸ்.யு.வி.யை வாங்கினான். அம்மா காலை நீட்டி உட்கார்ந்து வரலாம் என்றான். அதோடு நிற்காமல் அலங்கார விளக்கும் போட்டுவிட்டான். முன்கிரில்லுக்குள் ஒரு வரிசை, ஏறும் படிக்கு அடியில் ஒரு வரிசை, உள்ளே டாஷ்போர்டின் நீளத்துக்கு ஒரு நீலக் கோடு. ஹெட்லைட்டைப் போட்டால் எல்லாம் சேர்ந்து எரியும். தனியாக அணைக்க வழியில்லை. இந்த வயதில் மணமேடையை ஓட்டிக்கொண்டு போவது போல் கூச்சமாக இருக்கிறது.

என் மனைவி துளசிமணிக்கு ஈரோட்டில் டயாலிசிஸ், செவ்வாய், வியாழன், சனி. மதியம் கிளம்பினால் வீடு திரும்ப விளக்கு வைக்கும் நேரம் தாண்டிவிடும். ஆரம்பத்தில் வாடகைக் காரில் போனோம். ஒருநாள் திரும்பும் வழியில் வாந்தி எடுத்துவிட்டாள்.  ஓட்டுநர் இறங்கி வண்டியைக் கழுவிய விதமே போதும். வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "நீங்க ஓட்டற வரைக்கும் வாரேனுங்க. அதுக்கப்பறம் எனக்கு இந்த வைத்தியமே வேண்டாம்."

ஒரு சொல்லுக்காகத் தன் தங்கை வீட்டு வாசலைப் பல வருடம் மிதிக்காதவள். எனவே நான் ஓட்டுகிறேன். ஓட்டுவதில் எனக்கு எந்தக் காலத்திலும் துணிச்சல் இருந்ததில்லை.

அக்டோபர் 4, சனி

வளையம் இருக்கிறது. சந்தனம் குற்றமற்றது.

இன்னொன்றும் எழுத வேண்டும். துளசி வண்டியில் பேசிக்கொண்டே வருகிறாள். முன்பெல்லாம் சிகிச்சை முடிந்தால் துவண்டுபோய், ஈரோட்டைத் தாண்டும் முன்பே தூங்கிவிடுவாள். இப்போது என் பக்கத்து இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு தெருவில் போகிற வருகிற எல்லாவற்றையும் ஒப்பிக்கிறாள்.

"இக்கட்டால, எம்பக்கமாப் பாருங்க, டி.வி.எஸ். வண்டில ஒருத்தன் கீரைக்கட்டு எத்தன வெச்சிருக்கறான்னு. நம்மள ஒட்டியே வாரான்" என்கிறாள். அடுத்த நிமிடம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சாலையோரம் நிற்கிறார்கள், சீருடை மாறியிருக்கிறது என்கிறாள். நான் ஏற்கெனவே கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓட்டுகிறேன். பேச்சும் சேர்ந்தால் கவனம் சிதறுகிறது. கொஞ்ச நேரம் கண்ணை மூடேன் என்றேன். தூக்கம் வரவில்லை என்றாள். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

ஒருவேளை பயம் அதிகமாகிப் பேச்சாக வருகிறதோ என்னவோ. டாக்டரிடம் கேட்க வேண்டும்.

அக்டோபர் 6, திங்கள்

விளக்குகளை மாட்டிய சபியுல்லாவின் கடைக்குப் போனேன். சத்தியமங்கலம் சாலையில் இருக்கிறது. சீட் கவர், ஹாரன், விளக்கு எல்லாம் போடுவார். நாற்பது வயதிருக்கும். வாய் ஓயாது. நான் இயற்பியல் நடத்திய கல்லூரியில் படிக்கவில்லை என்பதை முதல் வேலையாகச் சொல்லிவிட்டார், ஏதோ அதில் நாங்கள் இருவருமே தப்பித்ததுபோல.

நான் போகுமுன் வரிசைப்படி யோசித்து வைத்திருந்தேன். டாஷ்போர்டு நீல விளக்கு முன்கண்ணாடியின் உள்பக்கம் பிரதிபலிக்கிறது. அது ஓட்டுபவர் கண்ணில் விழுகிறது. கண்ணாடியில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால் வண்ணம் பிரியலாம். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், ஊர்ல பாதி வண்டிக்கு இதே லைட்டுதான் போட்டுருக்கேன். ஒரு ஆளும் வானவில் தெரியுதுன்னு வரல. தெரிஞ்சா அதுக்குத் தனியா காசு கேட்டுருப்பேன்" என்றார்.

கிரில் விளக்கு துடிக்கிறது என்று அடுத்ததைச் சொன்னேன். அது உண்மை. அவரே பார்த்தார். நான் கொண்டுபோன மல்டிமீட்டரை வைத்து மின்னழுத்தத்தைப் பார்த்ததில், என்ஜின் ஓடும்போது முள் நிலையாக நிற்கவில்லை. எர்த் கம்பியின் நுனி பெயிண்ட் மேலேயே முறுக்கப்பட்டிருந்தது. இரும்பைத் தொடவே இல்லை. சபியுல்லா பெயிண்டைச் சுரண்டி இறுக்கினார். துடிப்பு நின்றது.

நான் சொன்னது சரியாக இருந்தது. இப்படி நடந்து வெகுநாள் ஆயிற்று. வீட்டுக்கு வந்து துளசியிடம் சொன்னேன். நல்லதுங்க என்றாள். பிறகு, கண்ணாடிக் கடையில் கொடுத்து மூக்குக்கண்ணாடியையும் ஒருமுறை பார்த்துவிடலாமே என்றாள். போன வருடம்தான் மாற்றினேன் என்றேன். 

அக்டோபர் 7, செவ்வாய்

துடிப்பு இல்லை. வளையம் இருக்கிறது.

மதியம் கிளம்பும்போது வாசல் கேட்டின் தூணில் வண்டியின் இடது பக்கம் உரசிவிட்டது. பின்கதவு வரை நீளமாக ஒரு கீறல். இந்த விளக்குப் பிரச்சினையையே நினைத்துக்கொண்டிருந்ததால் வந்தது. பழைய கார் சிறியது. இதன் அகலம் எனக்கு இன்னும் பழகவில்லை. நவநீதனிடம் இப்போது சொல்ல வேண்டாம்.

துளசி இறங்கி, கீறலைத் தடவிப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டாள். வழி முழுவதும் பேச்சு. கரும்பு லாரி, வெள்ளாட்டுக் குட்டிகள், ஒரு கல்யாண வீட்டு வாழைமரம். எல்லாம் அவள் பக்கத்து ஜன்னலில் தெரிவதுதான். என் பக்கம் நடப்பதைப் பற்றி அவளுக்கு அக்கறையே இல்லை.

அக்டோபர் 9, வியாழன்

மழை. வளையங்கள் பெரிதாக இருந்தன. மெதுவாக வந்தோம். பின்னால் வந்த பேருந்துக்காரர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார்.

அக்டோபர் 10, வெள்ளி

நவநீதன் பேசினான். விளக்குகளைக் கழற்றிவிடலாம் என்று ஆரம்பித்தேன். அவனுக்கு வருத்தம். பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததாம், தோஹாவில் இப்படிப்பட்ட வண்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவை இதில் உட்கார வைக்க வேண்டும் என்று நினைப்பானாம். போலீஸ் பிடிப்பார்கள் என்றேன். கோபியில் யார் பிடிப்பது, நிற விளக்கு சட்டப்படி கூடாது என்றால் ஊரில் பாதி வண்டி ஸ்டேஷனில்தான் நிற்கும் என்றான். பாட்டரி இறங்குகிறது என்றேன். இறங்கவில்லையே, நீங்கள்தானே எர்த்தைச் சரிசெய்ததாகச் சொன்னீர்கள் என்றான். என் வாதம் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தான். என்னிடம் பழகிய குணம்தான்.

கடைசியில் கண் கூசுகிறது என்றேன். 

"அப்பா, லைட்டு கூசுதா, இல்ல கண்ணுல எதாச்சும் இருக்குதா? ஒருக்கா காட்டீருங்களேன்" என்றான்.

லைட்டுதான் என்றேன். கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. துளசி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நவநீதன், டிரைவர் போட்டுவிடலாம் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னான். அவன் அம்மா சொன்ன சொல்லை வழக்கம்போல் அவனுக்கு நினைவூட்டினேன். சரி, கழற்றிக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டான்.

வென்றது போல் இல்லை.

அக்டோபர் 11, சனி

கவுந்தப்பாடிக்கு முன்னால், இருட்டத் தொடங்கிய நேரம், துளசி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவள் சட்டென்று என் கையைப் பிடித்தாள். "நிறுத்துங்க, நிறுத்துங்க. வாந்தி வராப்பல இருக்குது" என்றாள். பிரேக்கை அழுத்தினேன். வண்டி நின்றது. எங்கிருந்து வந்தாள் என்று தெரியவில்லை, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் எங்கள் முன்விளக்கின் வெளிச்சத்தில் சாலையைக் கடந்து போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குழந்தை மட்டும் பார்த்தது.

நான் கதவைத் திறந்து, தண்ணீர் பாட்டிலோடு சுற்றி வந்து துளசி பக்கம் நின்றேன். வாந்தி வரவில்லை. போய்விட்டது, போலாமுங்க என்றாள். அந்தப் பெண் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

நேரத்துக்கு வந்த குமட்டல். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

அக்டோபர் 13, திங்கள்

விளக்குகளைக் கழற்றியாயிற்று. சபியுல்லாவுக்கு மனமே இல்லை. டாஷ்போர்டிலிருந்து நீலப் பட்டையை உரித்தபோது, பசையோடு கொஞ்சம் பிளாஸ்டிக்கும் பெயர்ந்து வந்தது. "பாருங்க சார், வண்டியே விடமாட்டேங்குது. நீங்கதான் டைவர்ஸ் கேக்கறீங்க" என்றார்.

கிரில் விளக்கை மட்டும் விட்டுவைக்கலாம், அது ஓட்டுபவர் கண்ணில் விழாது என்று வாதாடினார். நியாயமான வாதம். ஆனால் ஒரு சோதனையில் பாதியை மாற்றிப் பாதியை விட்டால் முடிவு எதையும் சொல்லாது. எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன். ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, கம்பிகளைச் சுருட்டிக் கொடுத்தார். மறுபடியும் கொண்டு வருவீர்கள், அதற்கும் நான் இங்கேதான் இருப்பேன் என்றார்.

துளசி பெட்டியை வாங்கி அலமாரிக்கு மேல் வைத்தாள். கோபத்தோடு வைத்தது போலிருந்தது. மகன் ஆசையாக மாட்டியது.

அக்டோபர் 14, செவ்வாய்

வண்டிக்குள் நீலம் இல்லை. முன்னால் இல்லை, அடியில் இல்லை. வளையம் இருக்கிறது.

வண்டியை உள்ளே நிறுத்தி, துளசியைப் படுக்க வைத்துவிட்டு, கேட்டைப் பூட்ட வெளியே வந்தேன். எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு தெருவிளக்கு உண்டு. நிமிர்ந்து பார்த்தேன். அதைச் சுற்றி வளையம். வெளியே சிவப்பு, உள்ளே நீலம், நடுவில் வரிசை தவறாமல் மற்றவை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். அப்போதும் இருந்தது.

எனக்கும் அந்த விளக்குக்கும் இடையில் முன்கண்ணாடி இல்லை, நவநீதன் இல்லை, சபியுல்லா இல்லை.

கேட்டைப் பூட்டினேனா என்று மறுபடி எழுந்துபோய்ப் பார்த்தேன். பூட்டியிருந்தேன்.

அக்டோபர் 15, புதன்

வகுப்பில் ஒரு கருவி தவறான அளவைக் காட்டினால், முதலில் கருவியைச் சோதிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். இன்று காலை காலண்டர் முன்னால் நின்று சோதித்தேன்.

இடது கண்ணை உள்ளங்கையால் மூடினேன். வலது கண்ணால் பார்த்தேன். மாதம் முழுவதும் தெரிந்தது.

வலது கண்ணை மூடினேன். இடது கண்ணால் பார்த்தேன். நடுவில் இரண்டு மூன்று தேதிகள் தெரிந்தன. சுற்றிலும் ஒன்றுமில்லை. கருப்பாகக்கூட இல்லை. வெறுமனே இல்லை. காலண்டரின் விளிம்பு இல்லை, சுவர் இல்லை, இடது பக்கம் கதவுநிலையில் துளசி நின்றிருக்கிறாள், அவளும் இல்லை. அவள் காப்பியை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்.

 காலண்டரில் என்ன பார்க்கிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை.

தீபாவளி எந்தக் கிழமை என்று பார்த்தேன் என்று நானாகவே சொன்னேன்.

அக்டோபர் 16, வியாழன்

ஓட்டினேன்.

தெரிந்துகொண்டே ஓட்டினேன். அதை வேறு எப்படி எழுதினாலும் சரியாக வரவில்லை.

இன்று அவள் பேச்சை முதல்முறையாகக் கவனித்துக் கேட்டேன். சைக்கிளில் பால்கேன், நம்மை ஒட்டி. முன்னால் ஒரு மாடு, ஓரமாகத்தான் நிற்கிறது. பேருந்து நிறுத்தத்தில் ஆட்கள், ஒருத்தன் இறங்கி நிற்கிறான். சாலை காலியாக இருந்த இடங்களில் மூச்சு வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தாள். ஆட்கள் வந்ததும் தொடங்கினாள். எந்த இடத்திலும் ஒதுங்குங்கள் என்று சொல்லவில்லை. அவள் சொல்லச் சொல்ல நான் தானாக ஒதுங்கிக்கொண்டு வந்தேன்.

அவள் தெருவை ஒப்பிக்கிறாள் என்று எழுதியிருக்கிறேன். பயம் என்று எழுதியிருக்கிறேன்.

அக்டோபர் 17, வெள்ளி

மின்கட்டணம் கட்டப் போவதாகச் சொல்லிவிட்டுப் பேருந்தில் ஈரோடு போய்க் கண்ணைக் காட்டினேன். டாக்டர் சின்னப் பெண். கண்ணில் அழுத்தம் மிக அதிகம், இடது கண் நரம்பு பெரும்பாலும் போய்விட்டது, போனது திரும்ப வராது, வலது கண்ணைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். சொட்டு மருந்தும், அடுத்த வாரம் லேசர் சிகிச்சையும். வளையம் தெரிந்ததும் உடனே வந்திருக்க வேண்டும் என்றார். விளக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லவில்லை.

"ஐயா வண்டி ஓட்டறதில்லைங்களே?" என்று கேட்டார், மருந்துச்சீட்டு எழுதிக்கொண்டே.

நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு பேனாவை வைத்துவிட்டு, இனி ஓட்டக் கூடாது என்று நிதானமாகச் சொன்னார்.

திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கவுந்தப்பாடிக்கு முன்னால் அந்தப் பெண் கடந்துபோன இடம் வந்தது. வலது கண்ணால் பார்த்தேன். ஒரு பஞ்சர் கடை, ஒரு புளியமரம். நான் இரண்டையும் இந்த மாதத்தில் பார்த்ததே இல்லை.

வழி நெடுக யோசித்தது ஒன்றுதான். நான் சொல்லிவிட்டால், அவள் தன் சொல்லைக் காப்பாற்றுவாள். அவள் சொல்லைக் காப்பாற்றினால் பத்து நாள் தாங்காது என்று மருத்துவமனையில் எங்கள் இருவரையும் உட்கார வைத்தே சொல்லியிருக்கிறார்கள். சொல்லாவிட்டால், நாளை சனிக்கிழமை.

சாயங்காலம் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து சொன்னேன். இடது கண், அழுத்தம், ஓட்டக் கூடாது. பாடம் நடத்துவது போலத்தான் எனக்குச் சொல்ல வந்தது.

"தெரீமுங்க" என்றாள்.

எப்போதிருந்து என்று கேட்டேன்.

"புது வண்டி வந்த மறுவாரமே. ஒரு சைக்கிள்காரன் நம்மளத் திட்டிட்டுப் போனான். உங்களுக்கு எதுக்குத் திட்டறான்னே தெரியல. அப்பப் பாத்துக்கிட்டேன்."

ஏன் சொல்லவில்லை என்றேன். அவள் வெங்காயத்தை விடவில்லை.

"மூக்குக்கண்ணாடியக் காட்டச் சொன்னனுங்க. நீங்க வெளக்கப் போய்ப் பிரிச்சீங்க. அதுக்கு மேல சொல்ல எனக்கு வாயில்ல. நிறுத்தச் சொன்னா நிறுத்திருவீங்க. நிறுத்துனா நானு வரமாட்டேன்னு சொல்லிப்போட்டனே. அந்த வாய எங்க கொண்டுபோய் வெக்கறது?"

 எதைச் சொன்னாலும் தவறாகிவிடும் என்று தோன்றியது. அது எப்போதும் தோன்றுவதுதான். ஆனால் இன்று எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தேன். நானும் இரண்டு வெங்காயம் உரித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே சொன்னாள். "அந்தப் பொண்ணு இடுப்புல கொழந்தையோட வந்தா பாருங்க. அன்னிக்கே முடிவு பண்ணிட்டனுங்க. சொல்லு என்ன பெரிய சொல்லு. அடுத்த தெரு பொன்னுச்சாமி அண்ணன் பஸ்ஸு ஓட்டி ரிட்டையர் ஆயி சும்மாதான இருக்கறாரு. கேட்டுப் பாருங்க. நிறுத்துன்னா ஏன்னு கேக்காம நிறுத்தோணும், இறங்கி வந்து எட்டிப் பாக்கக் கூடாது. அத மட்டும் சொல்லீருங்க. நீங்க எங்கூடப் பின்னால உக்காரோணும்."

அன்றைக்கே முடிவு செய்தவள் பிறகு ஏன் இரண்டு முறை என்னோடு வந்தாள் என்று கேட்டேன்.

"நீங்களாச் சொல்லுவீங்கன்னுதான்" என்றாள்.

அக்டோபர் 18, சனி

பொன்னுச்சாமி நல்ல மனிதர். அதிகம் பேசாதவர். சாவியைக் கொடுத்தபோது, டாஷ்போர்டில் பசை ஒட்டிய தடத்தைப் பார்த்து, இங்கே என்ன இருந்தது என்றார். விளக்கு என்றேன். ஏன் கழற்றினீர்கள் என்றார். சொல்லத் தொடங்கி, நீளமாக இருக்கும் போலிருந்ததால், பழுது என்று முடித்துக்கொண்டேன். கேட்டைத் தாண்டும்போது தூணுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு ஆள் நடந்து போகலாம், அவ்வளவு இடம் விட்டு ஓட்டினார்.

வழியில் துளசிக்குக் குமட்டி, ஒருமுறை நிறுத்தச் சொல்லும்படி ஆயிற்று. நிறுத்தினார். எதிர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு சாலையில் போகும் பேருந்துகளின் எண்ணைப் படித்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 21, செவ்வாய்

நேற்று தீபாவளி. நவநீதன் போனில் இரண்டு மணிநேரம் இருந்தான். கண்ணைப் பற்றிச் சொன்னேன். தூணில் உரசியதையும் சொன்னேன். திட்டவில்லை. அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. விளக்குகள் எங்கே என்று கேட்டான். அலமாரி மேல் என்றேன்.

இன்று காலை சபியுல்லா வீட்டுக்கே வந்து எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார். எர்த் கம்பியை இரும்பில் நேராக இறுக்கினாரா என்று பக்கத்தில் நின்று பார்த்தேன். "சார், இந்தத் தடவை வளையம் தெரிஞ்சா யாருகிட்டப் போவீங்க?" என்று சிரித்தார். கண் டாக்டரிடம் என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, டாஷ்போர்டு விளக்குக்கு மட்டும் தனி ஸ்விட்ச் வைத்துக் கொடுத்தார். நான் கேட்கவில்லை.

மாலை, மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது, பழக்கத்தில் துளசி இடது ஜன்னல் பக்கமே உட்கார்ந்தாள். நான் அவளுக்கு வலப்பக்கம். பொன்னுச்சாமி ஹெட்லைட்டைப் போட்டார். முன்னால் நீலக் கோடு எரிந்தது. அதைச் சுற்றி ஒரு வளையம். தொந்தரவாக இருக்கிறதா, அணைக்கட்டுமா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

துளசி கொஞ்ச தூரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். "ஒரு டி.வி.எஸ். வண்டிக்காரன்" என்று ஆரம்பித்தாள். பொன்னுச்சாமி அதற்குள் ஒதுங்கியிருந்தார். அவள் மீதியைச் சொல்லவில்லை.

சித்தோடு வரும் முன்பே தூங்கிவிட்டாள். தலை என் தோளில். வாய் லேசாகத் திறந்திருந்தது. கவுந்தப்பாடியில் ஒரு வேகத்தடையில் வண்டி குலுங்கியது. எழுந்திருக்கவில்லை. வீட்டு வாசலில் பொன்னுச்சாமி என்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். எழுப்ப வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.